ஆறாம் வண்டி நின்ற பதினான்கு நிமிடம்

நானா,

இன்று காலை அலமாரியைச் சுத்தம் செய்ய ஓர் அம்மா வந்திருந்தார். நாமெல்லாம் செருப்பைக் கழற்றிப் பாதுகாப்பு ஷூ மாட்டிக்கொள்வோமே, அந்த அலமாரிதான். கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பை எடுத்து, "இது யாருதுங்க, எடுத்துப் போட்டுடவா?" என்று கேட்டார். உங்களுடையது. வலது கட்டைவிரல் பட்ட இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தவர், செருப்பைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து வருடம் ஒரே ஷிப்டில் இருந்தோம். சோப்புப் பெட்டிகளைப் பேக்கிங்கிலிருந்து கிடங்குக்குக் கொண்டுபோக, காலி அட்டைப்பெட்டிகளை அங்கிருந்து எடுத்துவர, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பன்னிரண்டு வண்டிகள். எந்த வண்டி எந்தச் சுமையை எடுப்பது, சந்திப்பில் எது எதற்கு வழிவிடுவது, எது எப்போது சார்ஜுக்குப் போவது என்று திரையைப் பார்த்துத் திட்டமிடுவது நான். ஒன்று மக்கர் செய்தால் ஓடிப்போய்ச் சரிசெய்வது நீங்கள். துபாயில் ஒரு கிடங்கில் இதே வண்டிகளோடு வருடக்கணக்கில் இருந்துவிட்டு, காரைக்காலுக்கே திரும்பி வந்திருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் உங்களுக்கு அழைப்பே வராதபடி வண்டிகளின் சார்ஜ் முறையை அமைத்துவைப்பேன். கிறிஸ்துமஸ் அன்று நான் கேட்காமலே என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வீர்கள். அண்ணனை உங்கள் ஊரில் அழைப்பதுபோல் நான் உங்களை நானா என்றேன். நீங்கள் என்னைத் தங்கச்சி என்றீர்கள்.

நமக்குள் ஒரே ஒரு தகராறுதான். வண்டிப் பாதையில் ஆள் நடக்கக்கூடாது என்பது விதி. நீங்களோ சக்கரத்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று பாதையிலேயே போய் நிற்பீர்கள். ஆளைக் கண்டதும் வண்டி நின்றுவிடும். பின்னால் நான்கைந்து வண்டிகள் வரிசை கட்டும், பேக்கிங்கில் இருந்து எனக்குத் திட்டு விழும். சார்ஜில் நிற்கும்போது பார்க்கக்கூடாதா என்று எத்தனையோ முறை கேட்டேன். "திரையில தெரியறது போதாது தங்கச்சி. ஓடுறப்ப பக்கத்துல போய்ப் பாக்கணும்" என்பீர்கள்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார் மேலாளர். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் உங்களைக் கடிந்தார். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்ததோடு சரி. அதன்பிறகு இரண்டு நாள் வேலைப் பேச்சு மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் சமாதானம் ஆகிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். கிடங்குக்குப் போகும் நீண்ட தாழ்வாரத்தில் ஆறாம் வண்டி நின்றது. 'பாதையில் தடை' என்று திரையில் சிவப்பாக வந்தது. அந்தப் பகுதியில் கேமரா கிடையாது. பிளாஸ்டிக் தாளாக இருந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, வண்டி நகரவில்லை. நீங்கள்தான் வீம்புக்கு மறுபடியும் பாதையில் நிற்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. கோபம் வந்தது. வாக்கி டாக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மற்ற வண்டிகளையெல்லாம் சுற்றுப் பாதையில் திருப்பிவிட்டேன். நன்றாகவே திருப்பினேன், ஒரு வண்டிகூடத் தாமதமாகவில்லை.

ஆறாம் வண்டியில் இருந்த காலி அட்டைப்பெட்டிகள் வராததால் மூன்றாம் பேக்கிங் எந்திரம் நின்றது. அட்டைப்பெட்டியைத் தேடித்தான் ஆள் அனுப்பினார்கள். நீங்கள் குப்புற விழுந்து கிடந்தீர்கள். உங்கள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, விளக்கை மினுக்கியபடி வண்டி நின்றிருந்தது. அதற்குள் பதினான்கு நிமிடம் போயிருந்தது.

மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. நான்கு நாள் குழாய்களோடு படுத்திருந்தீர்கள். இரண்டு முறை வந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை. எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

ஒவ்வொரு தடைக்கும் கணினியில் காரணம் பதிய வேண்டும் அல்லவா? பலகை, தாள், ஆள், மற்றவை. நான்கில் ஒன்றைத் தேர்வு செய்தால்தான் ஷிப்டை முடிக்க விடும். அந்தப் புதன்கிழமை மாலை 'ஆள்' என்பதை அழுத்தினேன்.

நீங்கள் போனபின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்ததால் வெளி ஆண்கள் யாரும் உங்கள் மனைவியைப் பார்க்க முடியவில்லை. பெண் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உங்களை நானா என்பதுபோல் அவரை நான் லாத்தா என்பேன்; என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். வண்டி உங்கள்மேல் ஏறிவிட்டதா என்பதுதான் அவர் முதலில் கேட்டது. யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

"இல்ல லாத்தா. நானாவைப் பாத்ததும் நின்னுடுச்சு."

"கடைசி வரைக்குமா?"

"ஆமா. ஆளுங்க வர்ற வரைக்கும் அங்கேயேதான் நின்னுச்சு."

தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அப்ப அவுக தனியா கெடக்கல" என்றார். அவர் முகத்தில் ஏதோ தணிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, மற்ற வண்டிகளை நான்தான் சுற்றி அனுப்பினேன், உங்களைக் கூப்பிடாமல் இருந்ததும் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

தடை இரண்டு நிமிடம் தாண்டினால் ஆள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் பரிசீலிக்கிறார்கள். நாற்காலியை விட்டு எழ எனக்கு அனுமதி இல்லை. சிவப்பு வந்தால் உடனே உங்கள் இடத்துக்கு வந்த புதுப் பையனைக் கூப்பிடுகிறேன். "தாள்தான்க்கா, ஏன் இப்புடிப் பதறுறீங்க" என்று அலுத்துக்கொள்கிறான்.

இத்தா முடிந்துவிட்டது. நேற்று லாத்தா போன் செய்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் சாப்பிட வர வேண்டுமாம். "அவுகளப் பத்திப் பேச நீதான் இருக்கே" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனால் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமலே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.