இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன்

ஜோகுபாளையம், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வைஷ்ணவிக்கு,

லைப்சிக்கில் இப்போது சாயங்காலமே இருட்டிவிடுமாமே, பழகிவிட்டதா? அசோகனுக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா? இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் நீளமாக ஒரு மின்னஞ்சல்.

அந்தமானுக்குப் போய் ஒருமுறையாவது கடலுக்கு அடியில் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று இந்த அறையில் நாம் பேசாத நாள் இல்லை. பொங்கல் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு டிக்கெட்தான். வீட்டுக்காரக் கோமளம் ஆன்ட்டியிடம் சொன்னதும், நீந்தத் தெரியாதவளுக்கு அல்சூர் ஏரி போதாதா, அதுக்கு ஏரோப்ளேன் வேற ஏறிப் போகணுமா என்று சிரித்தார். பிறகு, கூட யாரும்மா வர்றாங்க என்றார். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன்.

யாரை நம்பி இறங்குவது என்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. என் வழக்கப்படி கிடைத்ததையெல்லாம் படித்தேன். காதில் அழுத்தம் எப்படி ஏறும், மூச்சை ஏன் அடக்கக்கூடாது, எல்லாம் படித்தாயிற்று. கடைசியில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கீழே போனபின் பேச முடியாது. பேசவேண்டியதை மேலேயே பேசிவிடுகிற ஆளாகப் பார்க்கவேண்டும்.

முதலில் கூப்பிட்ட டைவிங் கம்பெனியில் நோ ப்ராப்ளம் மேடம் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். நோ ப்ராப்ளம். கீழே போய் பயந்துவிட்டால் என்றேன். நோ ப்ராப்ளம், வீடியோ ஃப்ரீ. இன்னொரு இடத்தில், ஒரு கைடு எத்தனை பேரை அழைத்துப்போவார் என்று கேட்டேன். அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது என்றார்கள்.

மூன்றாவது ஆள் ஞானசேகரன். போர்ட் பிளேரில் பிறந்த தமிழர், ஹேவ்லாக் தீவில் கைடாக இருக்கிறார். என்னைக் கேட்கவிடாமல் அவரே கேட்டார். கடைசி நாள் காலையில் கடலில் இறங்கிவிட்டு மதியம் விமானம் ஏறுவதாகத் திட்டம் வைத்திருந்தேன். கடல்ல இறங்கினா அடுத்து ஒரு முழு நாள் ஃப்ளைட் ஏறக்கூடாதும்மா, தேதியை மாத்துங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க என்றார். அந்தக் கறார் எனக்குப் பிடித்தது. நீருக்கடியில் எல்லாம் நலம் என்று காட்டக் கட்டைவிரலைத் தூக்கக்கூடாதாம். அங்கே அதற்கு, போதும், நான் மேலே போகிறேன் என்று அர்த்தமாம். உன் ஞாபகம் வந்தது.

அப்புறம், எத்தனை பேர் வர்றீங்க என்றார். இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வைஷு. இந்த ஊரில் தனியாக இருக்கிற பெண் கேஸ்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும். ஃபிரண்டு உள்ளே தூங்கறா, ஃபிரண்டு கீழே நிக்கறா. நீ கல்யாணமாகிப் போன பிறகும் அதையேதான் சொல்கிறேன். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. கடலில் யாரும் தனியாக இறங்குவதில்லை, ஜோடியாகத்தான் இறங்கவேண்டும், ஒருவருக்கு எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று மற்றவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். அதனால் கூட வருகிறவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். உயரம் கேட்டார், சொன்னேன். செருப்பு அளவு கேட்டார், சொன்னேன். நீந்துவாங்களா என்றார். நீந்தத் தெரியாது, ஆனால் என்னைவிடத் தைரியம் என்றேன். உடம்புக்கு ஏதாவது என்றார். சைனஸ் உண்டு, மழைக்காலத்தில் இடது காது அடைத்துக்கொள்ளும் என்றேன். எந்தக் கேள்விக்கும் நான் தயங்கவில்லை.

அவர்தான் தயங்கினார். உங்களைக் கூட்டிட்டுப் போறேன், ஆனா அவங்களை டாக்டர் பார்த்து சரின்னு சொல்லாம இறக்கமாட்டேன், எனக்கு அவங்க முக்கியம், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அவங்களையே பேசச் சொல்லுங்க என்றார். வராத உனக்காக ஒரு மனிதர் இவ்வளவு யோசிக்கும்போது, அப்படி யாரும் வரவில்லை சார் என்று எப்படிச் சொல்வது? சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, விளக்குப் போடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் மட்டும் என்றால் அவரே ஜோடியாகக் கூட இறங்குவாராம். அதையும் கேட்டுவைத்துக்கொண்டேன். ஆகவே நான் எப்படியும் போவேன். எனக்கான கைடு இவர்தான், அதில் சந்தேகமில்லை. உன்னை இழுப்பதற்காக இதை எழுதவில்லை. ஜெர்மனியில் உனக்கு விடுப்பு கிடைப்பதும், வீட்டை விட்டுக் கிளம்புவதும், அவ்வளவு தூரமும் எனக்குத் தெரியாதா என்ன?

வரமுடியாது என்றால் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அதை உடனே எழுதிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே அவரைக் கூப்பிட்டு, ஒருத்திதான் என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவரை அந்தத் தீவில் ஒருவர் நம் இரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்காற்றில் நிற்காதே.

அன்புடன்,
அனுஷா