ஒரு கோப்பைக்கு ஒரு சாப்பாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்களா?

விடுமுறைக் காலம் என்று எங்கள் காபிக் கடையில் ஏலக்காயும் கிராம்பும் போட்ட பானம் விற்கிறோம். ஒரு கோப்பை விற்றால், பசித்தவர் ஒருவருக்கு ஒரு சாப்பாடு. பாலை நுரை வர அடித்து அடித்தே என் கை ஓய்ந்துவிட்டது.

நேற்று இலவச உணவுக் கூடத்தில் அந்தச் சாப்பாட்டை இறக்கிவிட்டு, கை கழுவி ஓரமாக நின்றேன். பரிமாறும் அம்மாள் என்னையும் சாப்பிட வந்தவள் என்று நினைத்துவிட்டார். "ஏம்மா நிக்கிற? உக்காரு" என்றார். கடையிலிருந்து வந்தவள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தட்டில் சோறு விழுந்துவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டேன். பயப்படாதீர்கள், நான் பட்டினி கிடக்கவில்லை. யாராவது பரிமாறி ரொம்ப நாளாயிற்று, அவ்வளவுதான். அதற்கு ஈடாக இன்று நானே ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். ஒரே தித்திப்பு!

இடைவேளை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குச் சோறு போடும்போது எனக்கு போன் போடுங்கள். என்னிடம் பேசக்கூட வேண்டாம். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்று அவனை அதட்டுவது காதில் விழுந்தால் போதும்.

உங்கள் மகள்