மாமியின் கடைவாய்ப் பல்

கார்த்திகை 3, திங்கள்

விடிய மழை. பண்டத்தரிப்பிலிருந்து கொக்குவில் பல் லாப் வரை ஸ்கூட்டியில் நனைந்தபடி. மழைக்கோட் வாங்க வேண்டும். போன மாரிக்கும் இதைத்தான் எழுதினேன்.

இன்று கிரவுண், அதுதான் பல்லுக்கு மேல் போடும் உறை, செய்ய வந்த வாய்களில் ஒன்று மாமியுடையது. போன மாதம் கல்லு மாதிரியான பருத்தித்துறை வடை கடித்து உடைந்த கீழ்க் கடைவாய்ப் பல். டொக்டர் பல்லைச் சீவி, ஸ்கான் எடுத்து அனுப்பியிருக்கிறார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கலியாணம் கட்டிய நாள் முதல் என்னைத் திட்டுகிற வாய். உள்ளே சாதாரணமாகத்தான் இருக்கிறது.

காலையிலும் மாமி இவருக்குப் போனில்: "குடும்பப் பிள்ளை ஊராற்றை பல்லைப் பாத்துக்கொண்டு இருக்கிறதே? வேலையைத் தையோடை நிப்பாட்டச் சொல்லு." இவர் கொழும்பிலிருந்து எனக்கு: "அம்மா சொல்லுறதையும் யோசியுமன்."

யோசித்தாயிற்று. மாட்டேன்.

கார்த்திகை 4, செவ்வாய்

கரண்ட் இரண்டு தரம் போனது. கொம்பியூட்டர் வரைந்து தந்த பல்லில் கூரான மேடுகள், இருபது வயதுப் பெட்டையின் பல் மாதிரி. மாமியின் மற்றப் பற்கள் வெற்றிலை போட்டுத் தேய்ந்தவை. மேடுகளைத் தணித்தேன்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "ஆற்றை பல்லு?"

"மாமியின்ரை."

"ஐயோ! அப்ப உயரத்தைக் கொஞ்சம் பதிச்சு விடும் பிள்ளை. மேல்பல்லிலை முட்டாது, முறைப்பாடும் வராது."

பயந்தால் செய்கிற வேலை அது. உயரம் என்று ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். பல் இருக்கும், ஒன்றையும் கடிக்காது.

பதித்துப் பார்த்தேன். மேல்பல்லைத் தொடுகிற புள்ளி ஒன்றுகூட இல்லை. பத்திரமான பல். கோபம் கோபமாக வந்தது. ஒருவருக்கும் முட்டாமல் சும்மா இரு என்றுதானே என்னிடமும் கேட்கிறார்கள்.

திரும்ப உயர்த்தினேன், மேல்பல்லை மெல்லத் தொடும்வரை. உயரமாகிவிட்டால் மாமிக்குச் சாட்டுச் சொல்ல அதுவே போதும், என் வேலை போச்சு. போகட்டும். பல்லைக் கடையும் மெஷினுக்கு அனுப்பிவிட்டேன்.

வாங்க: சீனி, சவர்க்காரம், மாமிக்கு வெற்றிலை.

கார்த்திகை 7, வெள்ளி

வானம் மப்பு. மாமியை டொக்டரிடம் கூட்டிப் போனேன். பல்லைப் பொருத்தி, நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார்.

"உயரம்," என்றார் மாமி. பார்த்தது என்னை.

டொக்டர் தாள் பற்களில் விட்ட நீல அடையாளங்களைப் பார்த்தார். "எல்லாப் பல்லிலையும் ஒரே மாதிரித்தான் விழுகுது அம்மா. இவ்வளவு நாளும் வெறுமையாக் கிடந்த இடமெல்லோ. தற்காலிகமா ஒட்டிவிடுறன். திங்கக்கிழமையும் உயரமெண்டால் ராவிக் குறைப்பம்."

ஓட்டோவில் வழி முழுக்க, "உயரம்தான். எனக்குத் தெரியும்."

"உயரமெண்டால் திருத்தித் தாறம் மாமி. வேலையை மட்டும் விடமாட்டன்."

முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல் தரம். ஓட்டோக்காரர் றேடியோவைக் குறைத்தார்.

கார்த்திகை 8, சனி

மாமிக்குக் குழைந்த சோறு. நான் வழமைபோல லாப்புக்கு.

கார்த்திகை 9, ஞாயிறு

வெயில்! கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, குசினிக்குள் மொறுக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. எட்டிப் பார்த்தேன். மாமி, மடியில் பருத்தித்துறை வடைப் பை. புதுப் பல்லின் பக்கத்தாலேயே கடிக்கிறார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.

"மற்றப் பக்கமும் ஒண்டு வெடிச்சுக் கிடக்கு. வேலையை விடுறதெண்டால் அதையும் செய்து தந்துபோட்டு விடு."

"நான் விடுறன் எண்டு ஆர் மாமி சொன்னது?"

கேட்காமலே பைக்குள் கையை விட்டு ஒரு வடை எடுத்தேன்.