அத்தையின் கால்கள் பனியில் நனைந்ததில்லை

அக்கா, இன்று ரெம்பியா சாலையில் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கார்க் கண்ணாடியை ஏற்றினால் மட்டும் அந்த நாற்றம் விட்டுவிடுமா? மூக்கைப் பிடித்துக்கொண்டே உன்னை நினைத்துச் சிரித்தேன். தோட்டத்தை விட்டு ஆயர் குரோவுக்குக் குடிவந்த புதிதில், "இந்த நாத்தமும் போச்சு, கால் வீக்கமும் போச்சுடா" என்று சொன்னவள் நீ.

நாம் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். அப்பா காலும் முகமும் வீங்கிப் போய்ச் சேர்ந்தபோது, "விடியக்கால பனியில வெறுங்காலோட பால் வெட்டுனவரு, நீர் எறங்கிருச்சு" என்றார்கள் லயத்தில். அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடி இனிப்பு நீர் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதையும் வீக்கத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பனிதான் காரணம் என்றால், சப்பாத்து போட்டுத் தொழிற்சாலைக்குப் போகிற உனக்கு என்ன பயம்?

தொண்ணூறுகளின் நடுவில் உன் காலும் வீங்கியது. நீ சீனியில்லாத தேத்தண்ணி குடித்தவள், மாத்திரை தவறாதவள். நானோ அதே இனிப்பு நீரை வைத்துக்கொண்டு பலகாரக் கடையைக் கண்டால் நின்றுவிடுகிறவன். ஆனால் கெட்டுப்போனது உன் சிறுநீரகம். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஆச்சரியம்தான் வந்தது. "ஏன் டாக்டர், எனக்கு மட்டும்?" என்று ஏதோ அடுத்த வீட்டுக் கதை கேட்பதுபோல் கேட்டாய்.

"இனிப்பு நீர் உள்ள எல்லாருக்கும் கிட்னி போறதில்லம்மா. சில குடும்பத்துல அதிகமா வருது. ரத்த வழியில ஏதோ இருக்கு, எதுன்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும்?" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான், உனக்கு வேலை கிடைத்துவிட்டது. சுங்கை ரம்பாயில் பெரியப்பாவின் கருமாதிக்குப் போனோம். சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே, யார் யார் எப்படி இறந்தார்கள் என்று பெண்களிடம் விசாரிக்க ஆரம்பித்தாய். பெரியப்பாவுக்கும் இனிப்பு நீர்தான். கடைசிவரை கள்ளும் குடித்தார், கால் வீங்கியதே இல்லை. அது உன்னை இன்னும் குடைந்தது. சின்னத்தை உன் கையைப் பிடித்தாள். "வயசுப் பொண்ணுங்க இருக்கிற வீடு. வர்ற சம்பந்தம் ஓடிப் போயிரும், பேசாம இருலா."

நீ பேசாமல் இருந்தாயா? "பெரியத்தைக்கு எப்படி?" என்றாய். மலாக்கா டவுனில் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, கடைக்கு மேல் மாடியிலேயே காலம் கழித்தவள் பெரியத்தை. "அதுக்கும் கால்தான். மாடிப்படி ஏறி எறங்கியே வீங்கிருச்சு" என்றாள் சின்னத்தை. உன் கையிலிருந்த கத்தி நின்றது. என் பக்கம் திரும்பினாய்.

"அத்தை ஒரு நாளாச்சும் பால் வெட்டிருக்காடா? பனியில கால வச்சிருக்காளா? அப்ப இது தோட்டத்துல இல்ல. நம்மகிட்டத்தான் இருக்கு."

அடுத்த வாரமே என்னையும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு ஒரு வலியும் இல்லை, ஒரு வீக்கமும் இல்லை. ஆனாலும் என் சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பித்திருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்று இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. பலகாரக் கடையை நானே விட்டேன். பயந்துபோயிருந்தேன், அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்.

இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுத்திருந்தபோதும் குழாயைக் காட்டி, "அப்பா வீட்டு ரத்தம் ஓடுது. எங்க கோளாறுன்னு பார்த்தா தெரியுதா?" என்று கேட்டாய். பத்தாண்டு முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போதைய டாக்டர்கள், காரணம் ஒரு மரபணு இல்லை, பலவும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கின்றன என்கிறார்கள். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த நம் இருவரில் உன்னை ஏன் அவ்வளவு வேகமாக இழுத்தது என்று கேட்டால், அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் கேட்பதை நிறுத்தவில்லை. கல்யாண வீடுகளில் மற்றவர்கள் நகையைப் பார்க்க, நான் காலைப் பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் சேலையை இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் சோதனைக்குப் போகிறார்கள்.

அன்று பெரியப்பாவின் கருமாதியிலிருந்து திரும்பும் வழியில் உன்னிடம் எரிச்சலோடு கேட்டேன்: "உனக்குத்தான் வந்துருச்சே, இன்னும் எதுக்குத் துருவிக்கிட்டு இருக்க?"

நீ சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய். "எனக்கு வந்துருச்சுலா. அடுத்து நீ இருக்கியேடா."