இடைவேளையில் பூட்டப்படும் கால்வாய்க் கதவு

அனுப்புநர்
திருமதி ஷீலா கிராப்ட்ரீ,
கதவுப் பொறுப்பாளர் (சம்பளமில்லாத் தொண்டர்),
17, டென்டர் தெரு,
ஹேவர்கிளஃப், லங்காஷயர்.

பெறுநர்
விளையாட்டரங்கப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
நகர மன்றம், ஹேவர்கிளஃப்.

பொருள்: வரும் சனிக்கிழமை (14.3.2026) ஆட்டத்துக்கு முன் கால்வாய்க் கதவை நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. ஹேவர்கிளஃப் கால்பந்துக் கழகத்தின் கால்வாய்ப் பக்கக் கதவுக்கு நான் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அதன் பின்னால்தான் எங்கள் ரசிகர்கள் நிற்பார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நாங்களும் மறுகோடிக்கு நடப்போம். எதிரணி ரசிகர்கள் அங்கிருந்து இங்கே வருவார்கள். எல்லோருக்கும் பெரிய பார்வையாளர் கூடத்தின் பின்னால் உள்ள ஒரே சந்துதான் வழி. கால்வாய்க் கதவு அந்தச் சந்தின் நடுவில், வெளியே கால்வாய்க் கரைக்குத் திறக்கும்படி பக்கச் சுவரில் இருக்கிறது.

2. புதிய உரிமையாளர் திரு. கிராண்ட் வெல்பி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மழையில் நின்று அவர் ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. சென்ற கோடையில் தம் விருந்தினர்களுக்காக ஓர் இரும்பு அறையைக் கொண்டுவந்து அந்தச் சந்திலேயே வைத்தார். பன்னிரண்டு அடிச் சந்து இப்போது ஐந்தடி. கதவுக்கு வெளியே வண்டியில் விற்கும் இறைச்சி அப்பத்தையும் தேநீரையும் வாங்க யாரும் போகக் கூடாதென்று, இடைவேளையில் கதவைப் பூட்டவும் உத்தரவிட்டார். தாம் சொல்லாமல் திறக்கக் கூடாது என்றார். பூட்டியது நான்தான், ஐயா. அதை மறைக்க விரும்பவில்லை.

3. பிப்ரவரி 28 அன்று எழுநூறு பேர் வந்திருந்தார்கள். இடைவேளையில் இரண்டு கூட்டமும் சந்துக்குள் எதிரெதிரே வந்து சிக்கிக்கொண்டன. நான் வெளியே நின்றேன். முதலில் பாட்டும் கிண்டலுமாகக் கேட்டது. பிறகு பாட்டு நின்றுவிட்டது. கதவைத் தட்டினார்கள். நான் திரு. வெல்பியைத் தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. சாவி என் பையில் இருந்தது. அவர் உத்தரவுக்காக மூன்று நிமிடம் காத்திருந்தேன். அதற்குள் தட்டும் சத்தமும் ஓய்ந்துபோனது. பிறகுதான் திறந்தேன். மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராக வெளியே விழுந்தார்கள். மூன்றாவதாக விழுந்தவர் என் கணவர் டெனிஸ். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

4. திங்களன்று திரு. வெல்பியிடம் முறையிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவங்கள யாரு நடக்கச் சொன்னா? ஒரே எடத்துல நின்னு பாக்கட்டும். இது வெளிய போச்சுன்னா நீங்களும் உங்க வீட்டுக்காரரும் இந்தக் கேட்டத் தாண்ட முடியாது, பாத்துக்கோங்க." பயந்துபோய் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

5. ஆஸ்பத்திரியில் டெனிஸ் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "மூச்சு முட்டுச்சு ஷீலா, ஆனா கதவுக்கு அந்தாண்ட நீ இருக்கேன்னு தெரியும். அதான் தைரியமா இருந்தேன்" என்றார். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

6. வரும் சனிக்கிழமை கோப்பை ஆட்டம். பக்கத்து ஊர் அணி வருகிறது. இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று கழகமே அறிவித்திருக்கிறது. அவர்களும் இடைவேளையில் நடக்கிறவர்கள்தான். யாராவது சாகப்போகிறார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதைவிட மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

7. நேற்று கதவிலிருந்த பூட்டைக் கழற்றி எடுத்துவந்துவிட்டேன். கழகத்தின் பொருளை எடுத்தது குற்றமென்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறொரு பூட்டு வாங்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆகவே தாங்கள் சனிக்கிழமைக்குள் நேரில் வந்து, அந்த இரும்பு அறையை அகற்றவும் ஆட்டம் முடியும்வரை கதவு பூட்டப்படாதிருக்கவும் எழுத்துமூலம் ஆணையிட வேண்டுகிறேன்.

8. எவ்வளவு சொல்லியும் கேளாமல், கட்டுப் போட்ட விலாவோடு டெனிஸ் சனிக்கிழமை போகத்தான் போகிறார். அவர் பெயரில் தடை வந்தாலும் நண்பர்களின் சீட்டில் நுழைந்துவிடுவார். இடைவேளையில் எல்லோரோடும் நடப்பார். வெளியே நான் நிற்கிறேன் என்று நம்பி நடப்பார். இந்த மனு தங்கள் கைக்கு வந்தபின் என்னை அங்கே நிற்க விடமாட்டார்கள். தயவுசெய்து தாங்கள் நில்லுங்கள், ஐயா.

இடம்: ஹேவர்கிளஃப்
நாள்: 9.3.2026

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
ஷீலா கிராப்ட்ரீ

இணைப்பு: கால்வாய்க் கதவின் பூட்டு – ஒன்று, சாவியுடன்.