உன் காலடியில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

என் செல்லமேரிக்கு,

நேற்று உன் கல்லறையின் காலடியில் ஓர் இரும்புக் கம்பியை அடித்தேன். கோபித்துக்கொள்ளாதே, முழுதும் கேள்.

நம் திராட்சைத் தோட்டத்துக் கிணறு சுத்தமாக வற்றிவிட்டது. இந்த மாதம் தண்ணீர் கிடைக்காவிட்டால் கொடிகளைப் பிடுங்க வேண்டியதுதான். என் கண்ணளவில் போட்ட இரண்டு ஆழ்துளைப் போரிலும் தண்ணீருக்குப் பதில் புழுதி பறந்தபோது நீ சொன்னாயே, "அடுத்ததுக்காவது மிசின் வச்சுப் பாருங்க" என்று. "பூமிக்கு ஈசிஜி எடுக்கணுமாக்கும்" என்று கேலி செய்தேன். மூன்றே வாரத்தில் ஈசிஜி எடுத்தது உனக்கு.

இப்போது பூமிக்கும் எடுத்தாயிற்று. தேனியிலிருந்து நிலத்தடித் தண்ணீர் பார்க்கும் ஒரு பெண் வந்தாள், நம் மகள் வயதுதான். தோட்டத்தின் நடுவில் மீட்டரை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் கம்பி அடித்து மின்சாரத்தை உள்ளே விட்டாள். ஈரமுள்ள பாறையில் அது சுலபமாக ஓடுமாம். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்துக்கு இறங்குமாம். நம் தோட்டத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துச் சுவர் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல தள்ளிப் போனாத்தான் அய்யா ஆழம் தெரியும். ஆனா அங்கன அடக்கம் பண்ணியிருக்காகளே."

"நேரா இருக்கது எங்க வீட்டுக்காரிதாம்மா. மிசின் வைக்கச் சொன்னதே அவதான்."

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "குழி மேல படாம, கால்மாட்டுக்கு அங்கிட்டு அடிச்சுக்கங்க" என்றார்.

காய்ந்த மண்ணில் மின்சாரம் ஏறாது என்று கம்பியின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியது ஞாபகம் வந்தது. அந்த நினைப்பில் பாதியை என் செருப்பிலேயே ஊற்றிக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

மீட்டரில் எண் குறைந்தது. "எறங்குது அய்யா. நம்ம தோட்டத்துக்குக் கீழ, நல்ல ஆழத்துல, வெடிச்ச பாறை இருக்கு. ஈரம் இருக்கும் போல."

வாராவாரம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஆறடியோடு எல்லாம் முடிந்தது என்று திரும்பியவன் நான். உன் காலடியில் இறங்கிய மின்சாரம், பாறைக்குள் எங்கெங்கோ போய், நம் கொடிகளுக்கு அடியில் இருப்பதைத் தொட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் ஓடைக்கரையில் அடித்த கம்பியில் ஏறி வந்திருக்கிறது. நீயும் நம் தோட்டமும் ஒரே மண்ணில்தான் இருந்தீர்களா? நான்தான் அந்தச் சுவரை நம்பி உன்னைத் தூரத்தில் வைத்திருந்தேனா?

திங்கட்கிழமை போர் வண்டி வருகிறது. தண்ணீர் வந்தால் முதல் குடம் உனக்கு. புழுதிதான் வந்தால், அந்தப் புழுதிச் சட்டையோடே வந்து உன் முன்னால் நிற்பேன். முதல் இரண்டு தடவையும் உன் முகத்தில் விழிக்காமல் கூடலூர்ப் பக்கம் போய் ஒளிந்தேனே, அப்படி ஒளிய மாட்டேன்.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்ட புருஷன்,
அந்தோணி
ராயப்பன்பட்டி