அப்பாவிடம் இருக்கும் வண்டிச் சாவி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், மாடிப்படி ஏறும்போது மட்டும் அவர் முழங்கால் முனகுகிறது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் வாயைத் திறக்கும்முன் சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி முடிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலையை மாற்றிப் பகலுக்குப் போட்டுவிட்டார்கள், இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்க முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் இல்லாதவர்கள் இனிப் பயிற்சித் திடலில் மோட்டார் சைக்கிள் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது உனக்குத் தெரியும். இந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான், எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருந்தாலும் பயிற்சியாளர் தேர்வுக்குப் போனேன். அதற்கு முன்னால் நடத்திய வகுப்பில் எல்லோரும் உன்னைவிடச் சின்னவர்கள். யாரையாவது கூட்டிக்கிட்டுப் போக வந்தீங்களா ஆன்ட்டி என்று ஒருவன் கேட்டான். உன்னைத்தான் என்றேன்.

முதல் தடவை தேறவில்லை. தேர்வுக்காக என்னிடம் விட்ட மாணவி, பேக்கரியில் வேலை பார்ப்பவள், வளைவில் எஞ்சினை அணையவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். பின்னால் நாலு வண்டி காத்து நிற்கிறது. நான் ஓடிப்போய் அவளை இறக்கிவிட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்து, வளைவையும் தாண்டி ஓட்டிப்போய் நிறுத்தினேன். உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும்மா, அவங்களுக்கு எப்போ தெரியும் என்றார் தேர்வாளர். மாணவர் வண்டியைப் பயிற்சியாளர் தொடக்கூடாதாம். தடுமாறுகிறவளைக் கைகட்டி வேடிக்கை பார்ப்பதுதான் பாடமா என்று கேட்டேன். அந்த விதி தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன்.

இதை உன்னிடம் ஆறுதலுக்குச் சொன்னேன். நீ என்ன செய்தாய்? இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, வண்டிச் சாவியை வாங்கி வைங்கப்பா என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாய். நான் சொன்னால் மின்விசிறியைக்கூடப் போடாத மனிதர், நீ சொன்னதும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், குளிக்கப் போனாலும் சட்டையோடு போகிறார். கேட்டால் பெரியவன் சொல்லட்டும் என்கிறார். அது என் வண்டி, என் சம்பாத்தியம். பூட்டை உடைத்திருப்பேன், என் வண்டியாயிற்றே என்று மனசு வரவில்லை.

மறுதேர்வுக்குப் பஸ்ஸில் போனேன். இந்தத் தடவை ஒரு தையல்காரி. அவளும் அதே வளைவில் எஞ்சினை அணைத்துவிட்டாள். என் கை என் பேச்சைக் கேட்காது, அதனால் ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிளட்ச்சைப் பிடி, அவசரமே இல்லை, பின்னால் நிற்கிறவன் நிற்கட்டும் என்றேன். அவளே ஸ்டார்ட் செய்து அவளே திருப்பினாள். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு ரவுண்டு போகட்டுமா அக்கா என்றாள். தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், பேச்சைக் குறைத்துக்கொண்டால் நல்லது என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த மாதம் என் முதல் வகுப்பு, தையல்காரி உட்பட ஆறு பெண்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்குப் போன் செய்து சாவியைக் கொடுக்கச் சொல். அவரிடம் இனிக் கேட்கமாட்டேன், உன்னிடமும் இதோடு சரி. கொடுக்காவிட்டால் பஸ்ஸில் போவேன். மோட்டார் சைக்கிள் டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்குகிறாரே என்று அவர்கள் சிரித்தால், என் மகன் அங்கே இருந்துகொண்டு இங்கே என் வண்டியைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று சொல்லுவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருங்கள், மருமகளுக்கு என் ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. போன் செய்ய மறக்காதே. எனக்கில்லை, அப்பாவுக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
சான்றிதழ் பெற்ற மோட்டார் சைக்கிள் பயிற்சியாளர்